மரத்தில் பாசி குறைந்தால் அது பருவநிலை மாற்றமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிப் பார்க்கிறேன். கோத்தகிரி பக்கத்தில் உங்கள் ஊர்ச் சோலையில், முன்பெல்லாம் அடிமரத்திலிருந்து கிளை வரைக்கும் பச்சைப் பாசி போர்த்தியிருக்கும் என்று பாட்டி சொல்கிறார். இப்போது பாதி மரங்களில் வெறும் பட்டைதான் தெரிகிறது. இதற்குப் பருவநிலை மாற்றம்தான் காரணமா, தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நீங்கள் இதை எப்படி ஆராயலாம் என்பது கேள்வி. இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பாசி உண்மையிலேயே குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால் எதனால்? இந்த இரண்டுக்கும் விடை சொல்ல ஒரு மாணவர் எதையெல்லாம் கையில் சேர்க்க வேண்டும்? பெரும்பாலானவர்கள் முதல் கேள்வியைத் தாண்டி இரண்டாவதற்குப் போய்விடுகிறார்கள். நான் முதல் கேள்வியில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

பழனி மலையிலும் நீலகிரியிலும் இருபது வருடங்களுக்கு மேலாகப் பாசிகளைச் சேகரித்து, பார்த்து, பெயர் கண்டுபிடித்து வருகிறேன். பாசி பற்றி நான் சொல்வதை நம்பலாம். வானிலைக் கணிப்பு மாதிரிகள் என் துறை அல்ல. அந்தப் பக்கம் போகும்போது அடிப்படை இயற்பியலோடு நின்றுகொள்கிறேன்.

பாட்டியிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: அவர் சொல்லும் பாசி எது? நம் மொழியில் குளத்தில் மிதப்பதும் பாசி, மரத்தில் படர்வதும் பாசி, பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் பாசி. கல்பாசி ஒரு லைக்கன். பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் உயிர் அது. மலையில் மரக்கிளையிலிருந்து சாம்பல் கலந்த பச்சையில் தாடி மாதிரி தொங்குவது பெரும்பாலும் லைக்கன்தான். நீங்கள் பாடத்தில் படிக்கும் பிரையோஃபைட்டு, அதாவது பாசித் தாவரம், வேறு. கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பாருங்கள். மெல்லிய தண்டும் அதைச் சுற்றிக் குட்டிக் குட்டி இலைகளும் தெரிந்தால் அது நாம் பேசும் பாசி. இலையே இல்லாமல் நாரும் தகடுமாக இருந்தால் லைக்கன். இரண்டும் மாறும் விதம் வேறு, காரணங்களும் வேறு. லைக்கன்களில் பல காற்றிலுள்ள கந்தக டை ஆக்ஸைடுக்கு உடனே அடிபடும். பாட்டியின் நினைவில் இருப்பது எது என்று தெரியாமல் ஆய்வைத் தொடங்கினால் அடித்தளமே ஆடும்.

சரி, அது பாசிதான் என்று வைத்துக்கொள்வோம். பாசிக்கு வேர் கிடையாது. மரத்தைப் பற்றிக்கொள்ள நூல் போன்ற ரைசாய்டுகள் மட்டும்தான். இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன். நம்மைச் சுற்றியுள்ள செடிகளின் இலைமேல் இருக்கும் மெழுகுப் பூச்சு இதற்கு இல்லை, அல்லது மிக மெல்லியது. மழை, பனித்துளி, மூடுபனி எதுவானாலும் உடம்பு முழுவதாலும் குடிக்கும். காற்று காய்ந்தால் உடம்பு முழுவதாலும் இழக்கும். அடிமண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் கிளையில் இருக்கும் பாசிக்கு அது பயன்படாது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் சில சென்டிமீட்டர் காற்றுதான் அதன் உலகம். அதனால்தான் சூழல் மாறும்போது பாசி முதலில் காட்டிக்கொடுக்கிறது. அதே காரணத்தால் நம்மை ஏமாற்றவும் செய்கிறது.

எப்படி ஏமாற்றும்? காய்ந்த உடனே பாசி செத்துவிடாது. இலைகளைச் சுருட்டிக்கொண்டு, நிறம் மங்கி, பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் பட்டால் சில நிமிடங்களில் விரிந்து பச்சையாகிவிடும். நான் இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் ஒரு சோலை ஓரத்தில் நவம்பரில் படம் எடுத்தேன். அடுத்த வருடம் அதே மரங்களைப் பிப்ரவரியில் எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பாசி பாதியாகக் குறைந்துவிட்டது போலத் தெரிந்தது. அதை ஒரு கூட்டத்தில் சொல்லவும் சொல்லிவிட்டேன். மறுபடி போய்த் தெளிப்பானில் தண்ணீர் அடித்து, பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தால், பாசி அப்படியே இருந்தது. சொன்னதைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் இடம். அக்டோபர், நவம்பரில் பார்க்கும் மரமும் மார்ச்சில் பார்க்கும் மரமும் ஒரே மரம் என்று நம்பவே முடியாது. நீங்கள் பார்த்த 'வெறும் பட்டை' எந்த மாதத்தில் பார்த்தது? பாட்டியின் நினைவு எந்த மாதத்தைச் சேர்ந்தது? சுள்ளி பொறுக்கப் போன கோடையா, மழைக்காலமா? இதைக் கேட்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஈரமாக்கிப் பார்த்தும் பாசி குறைவாக இருக்கிறது என்றால், அடுத்ததாக மரத்தைப் பாருங்கள். அது பாட்டி பார்த்த அதே மரமா? நம் மலைகளில் நடந்த பெரிய மாற்றம் வானத்தில் நடப்பதற்கு முன்பே தரையில் நடந்துவிட்டது. 1840கள் முதல் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் அவை தோட்டம் தோட்டமாக நடப்பட்டன. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டவர்கள், சோலைப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகக் கண்டார்கள். அந்த இடத்தை எடுத்துக்கொண்டவை மரத் தோட்டங்களும் விவசாயமும்தான். இதில் பாசிக்கு என்ன வந்தது? கற்பூர மரம் வருடந்தோறும் பட்டையை நீள நீளமாக உரித்துப் போடும். பாசி வேர்விடாத உயிர். அது குடியேறிப் படர வருடங்கள் ஆகும், அதற்குள் வீட்டுச் சுவரே உரிந்து விழுந்தால் எங்கே போகும்? சோலை மரத்தின் சொரசொரப்பான, ஈரம் பிடிக்கும் பட்டை போய்க் கற்பூர மரம் வந்த இடத்தில் பாசி குறைவதற்கு மழை ஒரு சொட்டுக்கூடக் குறைய வேண்டியதில்லை.

மரம் அதே மரமாகவே இருந்தாலும் அதன் அக்கம்பக்கம் மாறியிருக்கலாம். சோலையின் நடுவில் இருந்த மரம், பக்கத்தில் தேயிலை போட்டதாலோ சாலை அகலப்படுத்தியதாலோ, இப்போது ஓரத்து மரமாக நிற்கலாம். ஓரத்தில் வெயிலும் காற்றும் நேராக அடிக்கும். கிளைகளில் தொங்கும் மீட்டியோரியம் குடும்பத்துப் பாசிகள்தான் இதில் முதலில் காணாமல் போகும், ஏனென்றால் அவற்றைச் சுற்றி எல்லாப் பக்கமும் காற்றுதான். அடிமரத்தில் பாய் மாதிரி ஒட்டிப் படர்பவை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். இன்னொன்றையும் விசாரியுங்கள்: பாசியை யாராவது உரித்து எடுக்கிறார்களா? நர்சரிக்கும் ஆர்க்கிட் தொட்டிக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் சாக்குச் சாக்காகப் பாசி உரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். எடுப்பவர்களுக்கு அது ஒரு நாள் கூலி, அவர்களைக் குற்றவாளியாக்கிப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் கோஸ்டா ரிக்காவின் மான்டெவெர்டே மேகக் காட்டில் கிளைகளைச் சுத்தமாக உரித்துவிட்டுப் பத்து வருடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு காலத்துக்குப் பிறகும் பழைய போர்வை திரும்பியிருக்கவில்லை. எனவே ஒரு டிசம்பரில் உரித்த மரம் ஒரு தலைமுறைக்கு வெறுமையாகத் தெரியலாம்.

இதையெல்லாம் கழித்த பிறகுதான் பருவநிலைக்கு வருகிறேன். இதில் உறுதியானது எது, சந்தேகத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்கிறேன். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது கொள்ளக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும் என்பது உறுதி. வெளியிலிருந்து அந்த அளவுக்கு ஈரம் வந்து சேராவிட்டால், சூடான காற்று பாசியிலிருந்து தண்ணீரை வேகமாக உறிஞ்சும். மழையின் மொத்த அளவு மாறாமல், பெய்யும் விதம் மட்டும் மாறினாலே பாசி சாகலாம் என்பதும் உறுதி. அமெரிக்காவின் கொலராடோ பீடபூமிப் பாலைநிலத்தில் செய்த ஒரு சோதனையை நான் எல்லா மாணவர்களுக்கும் சொல்வேன். கோடையில் 1.2 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னச் சின்னத் தூறல்களைச் செயற்கையாக அதிகமாக்கினார்கள். தண்ணீர் கூடினால் பாசி செழிக்கும் என்றுதானே நினைப்போம்? நிலப்பரப்பில் கால்வாசியை மூடியிருந்த சின்ட்ரிக்கியா என்ற பாசி, ஒரே ஒரு வளர்பருவத்தில் 2 சதவீதத்துக்கும் கீழே போனது. காய்ந்த பாசி நனைந்ததும் முதலில் சேதத்தைச் சரிசெய்யச் சேமிப்பைச் செலவழிக்கும். அதற்குப் பிறகுதான் ஒளிச்சேர்க்கையில் சம்பாதிக்கத் தொடங்கும். தூறல் சின்னதாக இருந்தால், சம்பாதிக்கும் நேரம் வருவதற்குள் மறுபடி காய்ந்துவிடும். ஒவ்வொரு தூறலும் அதற்குக் கடன்தான். இந்த முடிவு வந்தது 2012இல். பாசி ஆய்வில் மழைமானியின் மாத மொத்தத்தை மட்டும் குறித்துக்கொள்வது போதாது, ஒவ்வொரு நாளும் எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஈரம் நின்றது என்பதுதான் தேவை என்று எனக்குப் புரியவைத்தது அது.

அண்டார்டிகாவிலிருந்தும் ஒன்று. ஆஸ்திரேலியாவின் கேசி ஆய்வுநிலையத்தை ஒட்டி 2000இல் நிரந்தரச் சதுரங்கள் குறித்து, அவற்றிலுள்ள பாசிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சூடாகும் உலகில் அங்கே பாசி பெருகும் என்று எதிர்பார்த்திருக்கலாம். நடந்தது வேறு. பசுமையாக இருந்த படுகைகள் சிவந்தன, பிறகு சாம்பல் நிறமாயின. ஈரத்தை அதிகம் நம்பியிருந்த ஷிஸ்டிடியம் என்ற பாசி குறைந்தது, வறட்சியைத் தாங்கும் வேறு இரண்டு வகைகள் கூடின. அந்தப் பகுதி உலர்ந்துகொண்டிருந்ததுதான் காரணம். 2018இல் அதைத் துணிந்து சொல்ல முடிந்ததற்கு ஒரே காரணம், 2000இல் ஒருவர் அதே இடத்தில் சதுரம் போட்டு வைத்திருந்தது.

சந்தேகத்துக்குரியது, மேகம். மலை சூடாகச் சூடாக மேகத்தின் அடிமட்டம் மேலே போகும், அதனால் மூடுபனி படியும் நாட்கள் குறையும் என்று ஒரு கருத்து உண்டு. மான்டெவெர்டேயில் சூழலியலாளர் நளினி நட்கர்ணியும் அவரோடு வேலை செய்தவரும் மேல்காட்டிலிருந்து கிளைமேல் வளரும் செடிகளை அவற்றின் பாசிப் படுகையோடு எடுத்து, மேகம் குறைவான கீழ்க்காட்டு மரங்களில் கட்டிப் பார்த்தார்கள். அவை மேலே இருந்தவற்றைவிடச் சீக்கிரம் இலை உதிர்த்தன, சீக்கிரம் செத்தன. மேகம் குறைந்தால் இப்படித்தான் ஆகும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் 'மேகம் குறைந்தால் இப்படி ஆகும்' என்பதும் 'கோத்தகிரியில் அது ஆகிவிட்டது' என்பதும் வேறு வேறு. இரண்டாவதைச் சொல்ல உங்கள் சோலையில் எடுத்த அளவுகள் வேண்டும். வேறொரு நாட்டுச் சோதனையை வைத்து உங்கள் மரத்துக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

பழைய பதிவுகள் உதவாதா என்று கேட்பீர்கள். ஓரளவு உதவும். 1830களில் பெரோத்தே என்ற பிரெஞ்சுக்காரர் நீலகிரியில் சேகரித்த பாசிகளைத் தாவரவியலாளர் மோன்டாஞ் 1842இல் விவரித்து எழுதினார். பழனி மலைப் பாசிகளைப் பற்றி செண்பகனூர் சேசு சபைப் பாதிரியார் ஃபோரோ சேர்த்த பட்டியல் 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வந்தது. இன்றைக்கும் நான் அதைத் திறக்காத மாதம் இல்லை. ஆனால் இந்தப் பட்டியல்கள் 'இந்த வகை இங்கே இருந்தது' என்று சொல்லும். ஒரு மரத்தில் எவ்வளவு இருந்தது என்று சொல்லாது. குறிஞ்சியைப் பாருங்கள். நீலகிரியில் அது பூத்த வருடங்கள் 1838 முதல் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணப்பட்டு, 2006, 2018 வரை வந்திருக்கின்றன. 2030இல் ஒருவேளை அது முன்பின் ஆனால் அந்த வருடமே நமக்குத் தெரிந்துவிடும். பாசிக்கு அப்படி யாரும் கணக்கு வைக்கவில்லை. உங்கள் வேலையின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற அவசரத்தை விட்டுவிட்டு, உங்கள் சோலைக்கு முதல் கணக்கை எழுதுங்கள்.

எப்படி எழுதுவது? முப்பது மரம் போதும். பத்து சோலையின் உள்ளே, பத்து சோலை ஓரத்தில், பத்து கற்பூர மரமோ சீகையோ. முதல் இருபதும் முடிந்தவரை ஒரே இன மரமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளுக்கும் ஓரத்துக்கும் உள்ள வேறுபாடா, பட்டைக்கும் பட்டைக்கும் உள்ள வேறுபாடா என்று பிரிக்க முடியாது. ஆணி அடிக்காதீர்கள். ஒவ்வொரு மரத்துக்கும் ஜிபிஎஸ் குறிப்பும், வழியைக் காட்டும் ஒரு கைவரைபடமும் வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் சோலைக்குள் பல மீட்டர் தப்பும், வரைபடம் தப்பாது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கு பக்கமும், 20 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு கண்ணாடித் தாளை வைத்துப் பாருங்கள். தாளில் நூறு கட்டம் கோடு போட்டிருக்க வேண்டும். தண்ணீர் தெளித்து, பத்து நிமிடம் பொறுத்து, எத்தனை கட்டத்தில் பாசி என்று எண்ணி, ஒரு படமும் எடுங்கள். வருடத்தில் இரண்டு முறை, ஒவ்வொரு வருடமும் அதே இரண்டு வாரங்களில். வேறொரு தோழியை அதே மரங்களில் சிலவற்றை எண்ணச் சொல்லுங்கள். உங்கள் இருவரின் எண்ணிக்கை எவ்வளவு வேறுபடுகிறதோ, அதைவிடச் சின்ன மாற்றத்தை மாற்றம் என்று சொல்லக்கூடாது.

இனம் கண்டுபிடிப்பதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இந்தியாவில் பிரையோஃபைட்டுகள் ஏறக்குறைய 2,500 இருக்கின்றன, பலவற்றை இலைச் செல்லை மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் நானும் சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் வளரும் வடிவத்தை மட்டும் எழுதுங்கள்: தொங்குவது, விசிறி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது, பாய் மாதிரி ஒட்டியிருப்பது, மெத்தை மாதிரி குவிந்திருப்பது. ஈரம் குறையும்போது முதல் இரண்டும் போய்க் கடைசி இரண்டும் மிஞ்சும். மொத்தப் பரப்பு மாறாமலே இந்த விகிதம் மாறினால் அது முக்கியமான செய்தி. சில பாசிகளை மட்டும் பெயரோடு தெரிந்துகொள்ளுங்கள். தீ எரிந்த இடத்தில் முதலில் வரும் ஃபுனேரியா, சிமெண்டுச் சுவரிலும் நடைபாதையிலும் வெள்ளி மாதிரி மினுங்கும் பிரையம் ஆர்ஜென்டியம், இவை மனிதர் கலைத்த இடங்களை விரும்புபவை. சோலை ஓரத்தில் இவை உள்ளே நுழைகின்றனவா என்று கவனிக்கலாம். கூடவே, முடிந்தால், வெப்பமும் ஈரப்பதமும் பதியும் சின்னக் கருவிகள் இரண்டு வாங்கி, உள்ளே ஒன்றும் ஓரத்தில் ஒன்றும், நேர் வெயில் படாமல் தொங்கவிடுங்கள். மற்றச் செடிகளில் ஒன்றைச் சேர்க்க நினைத்தால் சவ்வுப் பெரணிகளைச் சேருங்கள். அவற்றின் இலையும் பெரும்பாலும் ஒரு செல் தடிமன்தான், பாசியோடு சேர்ந்தே காயும், சேர்ந்தே துளிர்க்கும். இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் நம்பிக்கை கூடும்.

ஒவ்வொரு வகையிலும் கட்டைவிரல் அளவு மட்டும் எடுத்து, காகித உறையில் போட்டு நிழலில் உலர்த்துங்கள். அழுத்தவோ மருந்து போடவோ வேண்டாம், உறைமேல் இடம், உயரம், மரம், தேதி, உங்கள் எண் இருக்க வேண்டும். பல வருடம் கழித்தும் நனைத்துப் பார்க்கலாம். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வாங்காமல் ஒரு இலையும் எடுக்காதீர்கள். அனுமதி வரும்வரை பட்டா நிலத்து மரங்களில் உரிமையாளரைக் கேட்டுப் பழகலாம். மாதிரிகளின் ஒரு படியைக் கோயம்புத்தூரில் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தென்மண்டல மையத்திலோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலோ (உலர்தாவரக் காப்பகம்) கொடுக்க முடியுமா என்று உங்கள் ஆசிரியர் மூலம் கேளுங்கள். உங்கள் பீரோவில் இருந்தால் உங்களோடு முடிந்துவிடும்.

ஒரு வருடத்தில் நீங்கள் சொல்ல முடிவது, உள்ளுக்கும் ஓரத்துக்கும் கற்பூரத் தோட்டத்துக்கும் இடையே பாசி எவ்வளவு வேறுபடுகிறது என்பது மட்டும். அதுவே ஒரு நல்ல பட்டப்படிப்புத் திட்டம். குறைகிறதா என்று சொல்ல ஐந்தாறு வருடமாவது வேண்டும், ஒரு வறட்சி வருடமும் ஒரு நல்ல மழை வருடமும் அதில் இருந்தால் நல்லது. பருவநிலைதான் காரணம் என்று சொல்ல, சுற்றுப்புறம் மாறாத உட்சோலை மரங்களிலும் அது குறைந்திருக்க வேண்டும், கருவிகளின் பதிவும் அதோடு ஒத்துப்போக வேண்டும். உள்ளே அப்படியே இருந்து ஓரத்தில் மட்டும் குறைந்தால் காரணம் பெரும்பாலும் உள்ளூர்க் காரணம். அதைச் சரிசெய்ய ஊராலேயே முடியும் என்பதால், எனக்கு அது நல்ல செய்தியாகவே படும்.

பாட்டியின் பேச்சை நான் ஒதுக்கவில்லை. எழுதாத காலத்துக்கு அவரைவிட்டால் வேறு சாட்சி இல்லை. அவரால் நடக்க முடியுமானால் சோலை ஓரம் வரை கூட்டிப்போய், எந்த மரத்தில் எந்தக் கிளை வரை என்று கையால் காட்டச் சொல்லுங்கள். ஊரில் அவர் வயதுள்ள இன்னும் இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாக, 'குறைந்துவிட்டதா?' என்று கேட்காமல், 'அப்போது எப்படி இருந்தது?' என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் வீடுகளில் இருக்கும் பழைய கல்யாணப் படங்கள், பள்ளிக்கூடக் குழுப் படங்கள் எல்லாம் பாருங்கள். யாரோ ஒருவர் ஏதோ ஒரு மரத்தடியில் நின்றிருப்பார். அந்த மரம் இன்னும் நின்றால், அதே இடத்தில் நின்று அதே மாதத்தில் ஒரு படம் எடுத்துவிட்டு எனக்கும் அனுப்புங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.